செக்யூரிட்டி அனுமதித்த பிறகே திறக்கவும்

“அந்த வார்னிங்கே வராம பண்ண முடியாதா மேடம்?” என்று போன வாரம் உங்களில் ஒருவர் போனில் கேட்டீர்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் பக்கத்திலேயே நின்று முறைத்துக்கொண்டிருக்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. முடியும் என்றுதான் பதில் சொன்னேன். வாசல் கதவைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டால் அதன் பிறகு யாரும் வந்து தட்டப் போவதில்லை.

அதற்கு மேல் போனில் விளக்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படித்துவிடுங்கள், தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். மத்தியானம் நான் தூங்குவேன்.

திருப்பத்தூரில் நம் அலுவலகத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், அரிசி மண்டி, மருத்துவமனை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அக்சஸ் என்ற மென்பொருளில் தரவுத்தளப் பயன்பாடு எழுதிக் கொடுத்தே தலை நரைத்தவள் நான். எழுதிய நிரலை ஒருவரும் பாராட்டியதில்லை. மேலே வரும் மஞ்சள் பட்டையைப் பற்றி மட்டும் எல்லோரும் பேசினார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நாம் எழுதிய கோப்பை இன்னொருவர் கணினியில் திறந்தால், “இதற்குள் நிரல் இருக்கிறது, எழுதியவர் யாரென்று தெரியாது, நிறுத்தி வைத்திருக்கிறேன்” என்று கணினி ஆங்கிலத்தில் எச்சரிக்கும். ‘செக்யூரிட்டி வார்னிங்’ என்று தடித்த எழுத்தில் தலைப்பு இருக்கும். பக்கத்தில் ஒரு பட்டன். அழுத்தினால் நிரல் ஓடும். அழுத்தாவிட்டாலும் திரை வரும், தலைப்பு வரும், கட்டங்கள் வரும். உள்ளே ஒரு வேலையும் நடக்காது.

ஒரு கல்யாண மண்டபத்துக் கணக்குப்பிள்ளை அந்தப் பட்டையை ஒரு வருடம் அப்படியே விட்டு வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். “மஞ்சள்தானே மேடம், மங்களகரமா இருக்கட்டும்னு வுட்டுட்டேன்” என்றார். ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாணம் பதிவாகி, இரண்டு மாப்பிள்ளைகள் வந்து இறங்கிய பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார். அதில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. இப்போது சொல்லப்போவது வேறு.

ஜவ்வாது மலையில், காவலூரைத் தாண்டிப் போகிற சாலையில், ஓர் அறக்கட்டளை நடத்துகிற சின்ன மருத்துவமனை. ஒரு டாக்டர், சில சிஸ்டர்கள், ஒரு ஜீப், வாசலில் ஒரு செக்யூரிட்டி. சுற்றியுள்ள மலை ஊர்களின் கர்ப்பிணிகள் விவரத்தை வைத்துக்கொள்ள ஒரு பயன்பாடு கேட்டார்கள். காலையில் திறந்ததும் முதல் திரையில் ஒரு கட்டம் வரும்: ‘இன்று அழைத்து வர வேண்டியவர்கள்’. நிரல் தேதிகளைக் கணக்குப் பார்த்து அதில் பெயரையும் ஊரையும் காட்டும். அதைப் பார்த்து ஜீப் கிளம்பும். ஊர்க்காரர்களிடமும் அப்படியே சொல்லி வைத்திருந்தார்கள்: நாள் நெருங்கியதும் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வரும், அதுவரை வீட்டில் இருக்கலாம் என்று.

கணினியைக் கையாண்டவர் ஸ்டெல்லா சிஸ்டர். அடிவாரத்துக் கிராமத்துக்காரர். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். இந்தக் குணம் நம் தொழிலுக்கு எவ்வளவு ஆபத்து என்பது போகப் போகத் தெரியும்.

பயன்பாட்டோடு அரைப் பக்கத்துக்கு ஒரு குறிப்பும் கொடுத்திருந்தோம். அதில் ஒரு வரி: ‘செக்யூரிட்டி அனுமதித்த பிறகே திறக்கவும்.’ அலுவலகத்தில் எல்லோரும் படித்துப் பார்த்துச் சரி என்றோம். எழுத்துப் பிழை இல்லை, சந்திப் பிழைகூட இல்லை.

சில மாதம் கழித்து ஒரு சின்ன வேலையாக மேலே போனேன். காலை நேரம். ஸ்டெல்லா சிஸ்டர் கணினியைப் போட்டார். மஞ்சள் பட்டை வந்தது. தினமும் காலையில் டாக்டர் அறைக் கணினியிலிருந்து புதிய நகல் இறங்கும்படி நான் அமைத்திருந்ததால், நேற்று கொடுத்த அனுமதி இன்றைக்குச் செல்லாது. தினமும் பட்டை வரும். அவர் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, “கோவிந்தண்ணா” என்று குரல் கொடுத்தார்.

வாசல் செக்யூரிட்டி கோவிந்தன் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினார். விரலைச் சட்டையில் துடைத்தார். மவுஸைப் பிடித்துப் பட்டனை அழுத்தினார். எனக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

“இது இன்னா சிஸ்டர்?” என்று கேட்டேன்.

“நீங்கதானே மேடம் எழுதிக் குடுத்தீங்க. செக்யூரிட்டி அனுமதிச்ச பெறகுதான் தொறக்கணும்னு.”

“அவரு லீவு போட்டா?”

“நைட் செக்யூரிட்டி இருந்து அமுக்கிக் குடுத்துட்டுப் போவாருங்க. அவருக்கும் பழக்கி வுட்டுட்டோம்.”

நான் வாசலுக்குப் போய்க் கோவிந்தனிடம் பேச்சுக் கொடுத்தேன். மலை ஊர்க்காரர். சாமையும் போடுகிறார், செக்யூரிட்டி வேலையும் பார்க்கிறார்.

“அமுக்கறதுக்கு முன்னாடி இன்னா பாப்பீங்க?”

“மஞ்சளா கீதான்னு பாப்பேன் மேடம்.”

“வேற எதுனா ஃபைலு தொறந்து இதே மாதிரி மஞ்சளா வந்தா?”

“அதையும் அமுக்குவேன். டூட்டி இல்லீங்களா?”

உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், நம் வாடிக்கையாளர்களில் கோவிந்தனைவிட அதிகமாகப் பார்த்துவிட்டு அழுத்துகிறவர் யார்? பட்டை வந்தால் பட்டனை அழுத்து என்றுதான் எல்லோருக்கும் சொல்லித் தருகிறோம். எந்தக் கோப்பு, யார் அனுப்பியது என்று கேட்கச் சொல்லித் தருவதில்லை. நாளை எவனோ ஒருவன் கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பை அனுப்புவான். அதிலும் இதே மஞ்சள்தான் வரும்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. “இருக்கட்டும் மேடம். இந்த ஆஸ்பத்திரியில அந்தப் பட்டைய மதிக்கிற ஒரே ஆளு அவருதான்” என்றார். அதுவும் உண்மையாகவே இருந்தது. விட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் இறங்கிவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஸ்டெல்லா சிஸ்டர் ஒரு மாற்றம் கேட்டார். முதல் பிரசவம் ஆபரேஷனில் ஆனவர்களை மற்றவர்களைப் போலக் கடைசி நேரத்தில் அழைக்கக் கூடாது, முன்கூட்டியே கொண்டுவந்து வைத்துக்கொள்ள வேண்டும், அதுவும் ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஊர்க்காரர்கள் என்றால் இன்னும் முன்னதாக. உதாரணத்துக்கு ஒரு பெயரும் சொன்னார். பச்சையம்மா. முதல் பிள்ளை ஆபரேஷன். மழை பிடித்தால் அவர் ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவில் உள்ள ஓடை யாரையும் விடாது. அவருக்கு வலி தானாக வந்து, ஓடையும் பெருகிவிட்டால், பழைய தையல் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மாற்றத்தை எழுதினேன். என்னிடம் இருந்த நகலில் பச்சையம்மாவின் பதிவை வைத்தே சோதித்தேன். மறுநாள் தேதியைப் போட்டுப் பார்த்தபோது கட்டத்தில் அவர் பெயர் முதலில் வந்தது. எனக்குத் திருப்தி.

வழக்கமாகப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். அன்று மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. சரி, அவசரம் என்று மெயிலில் அனுப்பினேன். ஸ்டெல்லா சிஸ்டர் நான் சொன்ன இடத்தில், சொன்ன பெயரில், ஒரு எழுத்து மாறாமல் போட்டார்.

பென்டிரைவில் போனால் மஞ்சள். மெயிலில் போனால், இது இணையத்தில் வந்தது என்று கணினி அதன்மேல் ஒரு முத்திரை குத்திவிடும். இப்போதைய பதிப்புகளில் அப்படிப்பட்ட கோப்புக்குப் பட்டை சிவப்பாக வரும். அனுமதிக்கும் பட்டன் இருக்காது. ‘மேலும் அறிய’ என்று ஆங்கிலத்தில் ஒரு பட்டன் மட்டும் இருக்கும். வேலை அவசரத்தில் இருக்கிறவர் யாரும் மேலும் அறிய விரும்புவதில்லை.

மறுநாள் காலை, மாற்றம் ஓடுகிறதா என்று கேட்கப் போன் செய்தேன். மருத்துவமனைக் கணினிக்கு இணையம் கம்பியில் வரும்; போனுக்கு உள்ளே சிக்னல் கிடையாது, கேட் பக்கத்தில்தான் கிடைக்கும். சிஸ்டரின் போன் பகலெல்லாம் கோவிந்தன் மேசையில் இருக்கும். அவர் எடுத்துவிட்டு ஸ்டெல்லா சிஸ்டரைக் கூப்பிட்டார்.

“புது ஃபைலு ஓடுதா சிஸ்டர்?”

“ஓடுது மேடம். முன்னவிட வெரசா தொறக்குது.”

வேலை செய்யாதது எதுவும் வேகமாகத்தான் திறக்கும். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

“இன்னிக்கு யாரு பேரு வந்துச்சு?”

“யாரும் இல்லீங்க. கட்டம் காலியா கீது. அதான் டாக்டர் ஜீப்ப போளூருக்கு அனுப்பிட்டாரு, சிலிண்டர் எடுத்தார.”

என் கணினியைத் திரும்பிப் பார்த்தேன். என் திரையில் பச்சையம்மாவின் பெயர் அப்படியே இருந்தது.

“பச்சையம்மா பேரு இல்லியா?”

“இல்லீங்களே.”

“மஞ்சப் பட்ட வந்துச்சா?”

“மஞ்சள் வரல மேடம். செவப்பா வந்துச்சு. கோவிந்தண்ணா வந்து பாத்தாரு. அமுக்கறதுக்கு ஒரு பட்டன்தான் இருந்துச்சு, அத அமுக்கினாரு. வெள்ளையா ஒரு பக்கம் வந்து நின்னுடுச்சு. வெள்ளை நல்லதுதான்னுட்டுப் போய்ட்டாரு.”

அங்கே மழை பெய்கிற சத்தம் போனில் கேட்டது. எந்த நேரத்தில் தொடங்கியது என்று கேட்டேன். விடியலிலிருந்து என்றார். ஓடை என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நம் கை கணினிக்குத்தான் போகும். எனக்கும் போயிற்று. எங்கே வலது கிளிக் செய்யச் சொல்லலாம், எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம் என்றுதான் வாய் தயாரானது. கோப்பைச் சரிசெய்து, அதைத் திறந்து, அதில் பெயர் வந்த பிறகு ஜீப்பைத் தேட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்பது புத்திக்கு எட்டக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. பெயர்தான் என் கண்முன்னால் இருக்கிறதே.

“சிஸ்டர், கம்ப்யூட்டர வுட்டுடுங்க. என் ஸ்கிரீன்ல பச்சையம்மா பேரு கீது. இன்னிக்கே அழைச்சிட்டு வரணும். மொதல்ல ஜீப்ப நிறுத்துங்க.”

“டிரைவருக்கு இப்ப சிக்னல் இருக்காதுங்களே.”

பக்கத்தில் நின்ற கோவிந்தன் போனை வாங்கினார். “எறக்கத்துல டீக்கடையில நிப்பாரு மேடம். வடை சூடா வர்ற வரைக்கும் அங்கேந்து நவுர மாட்டாரு. நான் போய்ப் புட்சிட்டு வர்றேன்.” வண்டியை எடுத்தார். எடுத்தவர் நின்று, “கேட்ட யாருங்க பாத்துப்பாங்க?” என்று கேட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று திருப்பத்தூரிலிருந்து சொன்னேன். அவர் அதை ஏற்றுக்கொண்டு, போனை சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜீப் திரும்புகிற வரை சும்மா இருக்க ஸ்டெல்லா சிஸ்டரால் முடியவில்லை. “மேடம், கம்ப்யூட்டர் கடைக்காரர் அப்பவே சொன்னாரு. ஆப்ஷன்ல போயி எல்லாத்தையும் எனேபிள்னு வச்சிட்டா, மஞ்சளும் வராது செவப்பும் வராதாம். வச்சிடட்டுமா?”

வைத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? ஒரே தடவை. ஆயுளுக்கும் தொல்லை இல்லை. சிஸ்டரும் சந்தோஷப்படுவார், நானும் போனை வைக்கலாம். இப்படிப்பட்ட நேரத்தில் கொடுத்த அனுமதியை அப்புறம் யாரும் திரும்பப் போய் எடுப்பதில்லை. அதே கணினியில்தான் மெயில் பார்க்கிறார்கள், லேப் ரிப்போர்ட் இறக்குகிறார்கள். அத்தனை கர்ப்பிணிகளின் விவரமும் அதில்தான் இருக்கிறது. எந்தக் கோப்பாக இருந்தாலும் உள்ளே வா என்று எழுதி ஒட்டிவிட்டால், நாளை எவனோ அனுப்புகிற ஒன்று வந்து எல்லாவற்றையும் பூட்டிப் போடும். அன்று காணாமல் போவது ஒரு பெயரல்ல, ஒரு பெயரும் இருக்காது.

“வேணாம் சிஸ்டர். இந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் அனுமதி குடுப்போம். நிதானமா செய்யலாம்” என்றேன்.

நிதானமாகத்தான் நடந்தது. கணினி உள்ளே, சிக்னல் கேட்டில். ஒவ்வொன்றையும் கேட்டில் நின்று கேட்டுக்கொண்டு, குடை பிடித்து உள்ளே போய்ச் செய்துவிட்டு, திரும்ப வந்து சொன்னார். கோப்பின்மேல் வலது கிளிக். வந்தார். கடைசி வரியில் ‘பிராப்பர்ட்டீஸ்’, அதாவது பண்புகள். வந்தார். கீழே மூலையில், இது வேறு இடத்திலிருந்து வந்த கோப்பு என்று ஒரு வரி, பக்கத்தில் தடையை நீக்க ஒரு சின்னக் கட்டம். அதில் டிக். போனார். இந்த முறை மஞ்சள் வந்திருந்தது. செக்யூரிட்டி ஊரில் இல்லாததால் அமுக்கலாமா என்று கேட்க மறுபடி வந்தார். “நீங்களே அமுக்குங்க சிஸ்டர், நான் பொறுப்பு” என்றேன். போனவர் குடையை மறந்து நனைந்துகொண்டே ஓடி வந்தார்.

“பச்சையம்மா பேரு மொதல்ல கீது மேடம்.”

கோவிந்தன் டீக்கடையில் டிரைவரைப் பிடித்துவிட்டார். வடை வரவில்லை, அதனால் பிடித்தார். ஜீப் ஓடைவரை போனது. அதற்கு மேல் டிரைவரும் கோவிந்தனும் இடுப்பளவுத் தண்ணீரில் கயிறு கட்டி இறங்கிப் போனார்கள். பச்சையம்மாவுக்கு விடியலிலேயே வலி கண்டிருந்தது. ஊர் ஆட்கள் கட்டிலோடு தூக்கி ஓடையைத் தாண்ட வைத்தார்கள். அவர் கரைக்கு வந்து சேர்ந்த பிறகு தண்ணீர் இன்னும் ஏறியது. மருத்துவமனை வாசலில் டாக்டரும் ஸ்டெல்லா சிஸ்டரும் ஏறிக்கொள்ள, ஜீப் நேராகத் திருப்பத்தூருக்கு இறங்கியது. மரத்தை அதற்குள் வெட்டிப் போட்டிருந்தார்கள். இங்கே ஆபரேஷன் நடந்தது. பழைய தையல் பிரியத் தொடங்கியிருந்ததாம். தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது. செய்தி கேட்டு நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அடுப்பில் இருந்தது தீய்ந்துபோயிற்று.

அதன் பிறகு செய்ததைச் சொல்கிறேன், நீங்களும் செய்யுங்கள். மருத்துவமனைக் கணினியில் ஒரே ஒரு கோப்புறையை நம்பிக்கையான இடம் என்று பதிவு செய்தேன். நம் பயன்பாட்டைத் தவிர அதில் எதுவும் இருக்காது. டெஸ்க்டாப்பையோ மெயிலில் வந்தது இறங்குகிற இடத்தையோ அப்படிப் பதிவு செய்கிறவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் என்னிடம் பேச வேண்டாம். அந்தக் கோப்புறைக்குள் பட்டை வராது. வேறு எங்கு வந்தாலும் அழுத்தாமல் எங்களைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். கோவிந்தனுக்கு அந்த டூட்டி போயிற்று. கொஞ்ச நாள் எனக்கு சல்யூட் வைக்கவில்லை.

இது முடிந்தது என்றுதான் நினைத்தேன். பச்சையம்மா இன்னும் திருப்பத்தூரில்தான் இருந்தார். ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா சிஸ்டர் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

“நீங்கதான் அந்தக் கம்பூட்டரு எழுதனவங்களா?”

“ஆமாம்மா.”

“நான் இல்லன்னு சொல்லிடுச்சாமே?”

“இல்லன்னு சொல்லலம்மா. அன்னிக்கு அது ஓடவே இல்ல. அதனால காலியா இருந்துச்சு. காலியா இருக்கவே யாரும் இல்லன்னு அவங்க நெனச்சிட்டாங்க.”

எனக்கே அது நல்ல விளக்கமாகத்தான் பட்டது. அவர் குழந்தையின் தலையைச் சரியாக வைத்துக்கொண்டார். கோபமாக இல்லை.

“நானும் அப்டித்தாங்க நெனச்சேன். விடியறப்பவே வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிலேந்து ஆளு வரல. ஆளு வரலன்னா இன்னும் நாளு கீதுன்னுதான் அர்த்தம், இது பொய் வலின்னாரு எங்க வூட்டுக்காரரு. அவங்களுக்குத் தெரியாதான்னு பல்லக் கட்சிக்கினு படுத்துக்கினு இருந்தேன்.”

பழத்தை வைத்துவிட்டு எழுந்தேன். நேராக அலுவலகத்துக்குப் போய்க் கோப்பைத் திறந்து, காலியாக இருந்த அந்தக் கட்டத்துக்குள் ‘இன்னும் பார்க்கவில்லை’ என்று பெரிதாக எழுதினேன். நிரல் ஓடி, எல்லாப் பெயரையும் பார்த்து முடித்தால்தான் அந்த எழுத்து அழியும்.